உலோகம் எங்கே போயிற்று?

ஊதா நிறம் மறைந்த அன்று குரோமியமும் மறைந்துவிட்டது என்றே நான் நம்பினேன். கழிவுநீரிலுள்ள கன உலோகங்களைப் பூஞ்சையைக் கொண்டு நீக்க முடியுமா என்று அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தேன். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் கலந்த மஞ்சள் நீரில், நீராவியில் கொன்று உலர்த்திப் பொடித்த அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையை இட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பைக் கடும் அமில நிலையான 2-இல் நிறுத்தி, குறித்த நேரங்களில் சிறிது நீரை எடுத்து டைஃபீனைல்கார்பசைடு கரைசலுடன் சேர்த்துப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. அந்த வினைபொருள் ஆறிணைதிறக் குரோமியத்துடன் சேர்ந்தால் சிவப்பு கலந்த ஊதா நிறம் தரும்; குரோமியம் குறையக் குறைய அந்த நிறம் வெளுத்துக்கொண்டே வரும். முதல் நாள் அடர்ந்திருந்த ஊதா, சில நாள்களில் அடியோடு இல்லாமற் போயிற்று. குரோமியம் முழுவதையும் பூஞ்சை பற்றிக்கொண்டது என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டேன். அதே நீரை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் வைத்து மொத்தக் குரோமியத்தை அளந்தபோதுதான், அதன் கணிசமான பகுதி நீரை விட்டு வெளியேறவே இல்லை என்பது தெரிந்தது.

நடந்தது இதுதான். ஆறிணைதிறக் குரோமியம் வலிமையான ஆக்ஸிஜனேற்றி. அமில நீரில், இறந்த பூஞ்சையின் கரிமச் சேர்மங்கள் அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து மூவிணைதிறக் குரோமியமாக ஒடுக்கிவிடுகின்றன. மூவிணைதிற வடிவத்தில் ஒரு பங்கு பூஞ்சையின் மேல் ஒட்டிக்கொள்கிறது, மறு பங்கு கரைசலிலேயே தங்கிவிடுகிறது. டைஃபீனைல்கார்பசைடு ஆறிணைதிற வடிவத்தை மட்டுமே காட்டும் என்பதால், அது கண்ணுக்கு மறைந்ததை நான் நீரிலிருந்து மறைந்ததாக எடுத்துக்கொண்டேன். இந்தப் பிழை என்னோடு நின்றதன்று. எதிர்மின்சுமை கொண்ட குரோமேட் அயனிகள், அமில நீரில் நேர்மின்சுமை ஏற்ற பூஞ்சைப் பரப்பில் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன என்ற விளக்கம் நெடுங்காலம் பல ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெற்றிருந்தது. இறந்த அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் உண்மையில் குரோமியத்தை ஒடுக்கவே செய்கிறது என்பதை 2005 அளவில் தென் கொரிய ஆய்வாளர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

ஒடுக்கமும் பெரும் பயன்தான். மூவிணைதிறக் குரோமியத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு, பிஎச் மதிப்பைச் சற்று உயர்த்தினால் அது வீழ்படிவாகவோ பூஞ்சையின் மேலோ படிந்துவிடும். எனினும் நச்சைத் தணிப்பதும் நச்சை வெளியேற்றுவதும் வேறு வேறு செயல்கள். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடுகளைச் சந்தித்தால் மூவிணைதிறக் குரோமியம் மீண்டும் ஆறிணைதிறமாக மாறக்கூடும் என்பதை நினைக்கும்போது இந்த வேறுபாட்டின் கனம் புரியும். அன்று முதல், பூஞ்சையைக் கொண்டு கழிவுநீரிலிருந்து கன உலோகங்களை நீக்கும் எந்த முயற்சியைப் பற்றிப் படித்தாலும், உலோகம் எங்கே போயிற்று என்ற கேள்வியைத்தான் நான் முதலில் எழுப்புகிறேன்.

சாயத்தையோ எண்ணெயையோ பூச்சிக்கொல்லியையோ நுண்ணுயிர்களால் உடைத்து, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிட முடியும். ஈயமும் காட்மியமும் தனிமங்கள். அவற்றை உடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவற்றை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தலாம், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாம், அவ்வளவே. ஆகவே பூஞ்சை உலோகத்தைத் தின்றுவிடுகிறது என்று எழுதுவது வாசகரைத் தவறான திசையில் இட்டுச் செல்லும். கோடிக்கணக்கான லிட்டர் நீரில் மெல்லப் பரவிக் கிடக்கும் உலோகத்தை, கையாளக்கூடிய சிறு அளவுப் பொருளில் குவித்துத் தருவதுதான் பூஞ்சை செய்யும் பணி.

அந்தப் பணிக்குப் பூஞ்சையை ஆயத்தமாக்கியிருப்பது அதன் செல்சுவர். பூஞ்சை இழைகளின் சுவரில் கைட்டின், குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் பின்னிக் கிடக்கின்றன. ரைசோபஸ், மியூகர் போன்ற இனங்களில், கைட்டின் தன் அசிட்டைல் தொகுதிகளை இழந்த வடிவமான கைட்டோசானும் கூடுதலாக உண்டு. கைட்டோசானில் திறந்து நிற்கும் அமினோ தொகுதியின் நைட்ரஜன், தன்னிடமுள்ள எலக்ட்ரான் இணையைக் கொடுத்து உலோக அயனியைப் பிணைக்கிறது. கார்பாக்சில் தொகுதிகளும் பாஸ்பேட் தொகுதிகளும் தம் எதிர்மின்சுமையால் நேர்மின் அயனிகளை ஈர்க்கின்றன. அந்த இடங்களில் முன்பே அமர்ந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் ஹைட்ரஜன் அயனியும் வெளியேறி, ஈயமோ செம்போ அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. இதற்கு உயிர் வேண்டியதில்லை. செல்சுவரின் வேதியியல் போதும், அது பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

இந்தத் துறைக்கு உரம் போட்ட ஆய்வு என்று நான் கருதுவது, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மாரியோஸ் செசோஸ், பொகுமில் வொலெஸ்கி ஆகிய இருவரும் 1981-இலும் 1982-இலும் வெளியிட்ட கட்டுரைகளை. ரைசோபஸ் அரைசஸ் என்ற பூஞ்சையின் இறந்த திரள், ஒரு கிராமுக்கு 180 மில்லிகிராமுக்கும் மேலாக யுரேனியத்தையும் தோரியத்தையும் பற்றும் என்று அவர்கள் அளந்தார்கள். எவ்வளவு என்பதோடு நில்லாமல் எப்படி என்றும் தேடினார்கள் என்பதே அந்த ஆய்வின் பெருமை. யுரேனியம் கைட்டினின் நைட்ரஜனோடு பிணைகிறது, கைட்டின் வலைக்குள்ளும் படிகிறது, பிறகு அங்கேயே யுரேனில் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து மேலும் இடம் பிடிக்கிறது என்று மூன்று நிகழ்வுகளை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். உலோகம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அளிக்கப்பட்ட முறையான விடை அது. பின்னர் வந்த எண்ணற்ற கட்டுரைகள், புதிய புதிய பூஞ்சைகளை எடுத்துக்கொண்டு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் அளந்து முடித்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வழக்கமான சுத்திகரிப்பு முறை இருக்க, பூஞ்சை எதற்கு என்று கேட்கலாம். உலோகப் பூச்சுத் தொழிலிலோ மின்கலத் தொழிலிலோ வரும் கழிவுநீரில் சுண்ணாம்பையோ சோடியம் ஹைட்ராக்சைடையோ சேர்த்தால் உலோகங்கள் ஹைட்ராக்சைடாக வீழ்படிகின்றன. மலிவான, நம்பத்தக்க முறை அது. உலோகம் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் பூஞ்சையிடம் போகவேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. இடர்ப்பாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஒவ்வோர் உலோகத்தின் ஹைட்ராக்சைடும் ஒவ்வொரு பிஎச் மதிப்பில்தான் மிகக் குறைவாகக் கரையும். குரோமியத்துக்கு அது ஏறத்தாழ 8, நிக்கலுக்கு 10-க்கும் மேல், காட்மியத்துக்கு 11-ஐ ஒட்டி. பல உலோகங்கள் கலந்த நீரில் எந்த மதிப்பைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்று ஓரளவு கரைந்தே நிற்கும். மிஞ்சி நிற்கும் அந்தச் சில மில்லிகிராம்களைப் பிடிக்க அயனிப் பரிமாற்றப் பிசின்களும் சவ்வு முறைகளும் உள்ளன. அவற்றுக்கு ஆகும் செலவு அதிகம். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம். கழிவுநீரில் எஞ்சும் சில மில்லிகிராமைச் சிறிது என்று சொல்லிவிட முடியாது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. பூஞ்சைக்கு உரிய இடம், சுண்ணாம்பு தன் வேலையை முடித்த பிறகு வரும் அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது.

கடைசிப் படிக்கு வேண்டிய பொருளைத் தனியாக வளர்க்க வேண்டியதும் இல்லை. சிட்ரிக் அமிலம் 1919 முதல் அஸ்பெர்ஜில்லஸ் நைஜரைக் கொண்டு தொழில்முறையில் தயாரிக்கப்படுகிறது. பெனிசிலின் தயாரிப்புக்கு பெனிசிலியம் கிரைசோஜீனம் பயன்படுகிறது. நொதித்தல் முடிந்து விளைபொருளை எடுத்துக்கொண்ட பின், பூஞ்சைத் திரள் பெருமளவில் எஞ்சி நிற்கிறது. ஒரு தொழிலில் எஞ்சும் கழிவு இன்னொரு தொழிலின் கழிவைப் பிடிக்கும் இந்த வாய்ப்புதான் என்னை இத்துறைக்குள் இழுத்தது. அந்தத் திரளை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கொதிக்க வைத்தால், பரப்பை மூடியிருக்கும் புரதங்களும் கொழுப்பும் நீங்குகின்றன, கைட்டினின் ஒரு பகுதி அசிட்டைல் தொகுதியை இழந்து கைட்டோசானாக மாறுகிறது, பற்றும் திறன் பல உலோகங்களுக்குக் கூடுகிறது. அப்படிக் கொதிக்க வைத்ததும் எடையில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கிராமுக்கான திறன் கூடியது என்று மகிழும்போது, கையில் எத்தனை கிராம் மிஞ்சியது என்பதைப் பலரும் எழுதுவதில்லை.

இவ்விடத்தில் பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட்டாக வேண்டும். உலோகம் மிகுந்த மண்ணிலோ கழிவுநீர்க் குட்டையிலோ தாக்குப்பிடித்து வாழும் பூஞ்சையைத் தேடிப் பிடித்தால், உலோகத்தை அள்ளும் பூஞ்சை கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படி எண்ணியே மண் மாதிரிகளிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்து, உலோகம் கலந்த ஊடகத்தில் எது மிக நன்றாக வளர்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தாங்கும் திறனும் பற்றும் திறனும் ஒன்றுக்கொன்று தொடர்புடையனவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உலோகத்தை உள்ளே விடாமல் தடுப்பது, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது, ஆக்சலிக் அமிலத்தைச் சுரந்து செல்லுக்கு வெளியிலேயே அதை வீழ்படியச் செய்வது என்று பூஞ்சை உயிர் பிழைக்கக் கையாளும் வழிகள் பல. உலோகத்தைத் தன்னிடம் அண்டவிடாததாலேயே செழித்து வளரும் பூஞ்சை, கொன்று உலர்த்திய பின் சிறந்த பற்றுப்பொருளாக அமையும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. இறந்த திரளைப் பயன்படுத்துவதாக இருந்தால், பார்க்க வேண்டியது செல்சுவரின் கட்டமைப்பையே.

பிஎச் மதிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் துறையின் பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. அமிலம் மிகுந்த நீரில் ஹைட்ரஜன் அயனிகள் பற்றிடங்களைத் தாமே நிறைத்துவிடும். ஈயத்துக்கும் செம்புக்கும் இடம் கிடைக்காது. மதிப்பு 4-லிருந்து 6 வரை உயரும்போது இடங்கள் திறந்து, உலோகங்கள் நன்றாகப் பற்றப்படும். அதற்கும் மேலே போனால் அளவுகள் இன்னும் அழகாகத் தெரியும், ஆனால் அது பூஞ்சையின் செயல் அன்று. உலோகம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து, வடிகட்டும்போது பூஞ்சையோடு சேர்ந்து தாளில் தங்கிவிடுகிறது. பூஞ்சையே இல்லாத வெறும் நீரை அதே மதிப்பில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த ஒப்பீடு இல்லாத ஒரு கட்டுரையை நான் நம்பத் தயங்குவேன்.

ஆய்வகத்தில் வாலைநீரில் ஈய நைட்ரேட்டை மட்டும் கரைத்துச் சோதிப்பதற்கும், தொழிலகத்திலிருந்து வரும் நீருக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. உண்மையான கழிவுநீரில் சோடியமும் கால்சியமும் உலோகத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். ஈயமும் செம்பும் பெரும்பாலும் போட்டியில் வெல்லும், நிக்கலும் துத்தநாகமும் எளிதில் தோற்கும். பூச்சுத் தொழிலில் பயன்படும் சயனைடும், சுத்தம் செய்யப் பயன்படும் ஈடிடிஏ போன்ற பிணைப்பிகளும் உலோகத்தைத் தமக்குள் சுற்றி வளைத்து எதிர்மின் அயனியாக ஆக்கிவிடும்போது, நேர்மின் அயனிக்காகக் காத்திருக்கும் கார்பாக்சில் தொகுதிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படிப்பட்ட நீரில் முதலில் அந்தப் பிணைப்பை உடைக்காமல் பூஞ்சையை இடுவது வீண்.

அளவைப் பற்றிய கற்பனை தெளிவாக இருக்க, எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 100 கன மீட்டர் நீர் வருகிறது, அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயம் எஞ்சியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய நீரில் இருக்கும் மொத்த ஈயம் 500 கிராம். அந்த நீர்த்த நிலையில் ஒரு கிராம் பூஞ்சை 25 மில்லிகிராம் பற்றும் எனில், 20 கிலோகிராம் பூஞ்சை வேண்டும். கட்டுரைகளில் தலைப்பாக வரும் உச்சத் திறனை இந்தக் கணக்கில் போடக்கூடாது. பற்றப்படும் அளவை நீரிலுள்ள உலோகச் செறிவோடு தொடர்புபடுத்தும் லாங்முயர் சமன்பாடு தரும் அந்த எண், நீரில் உலோகம் மிக மிகுந்திருக்கும்போது மட்டுமே எட்டப்படுவது, நாம் வேலை செய்யவேண்டிய நீர்த்த நீரில் கிடைப்பது அதைவிடக் குறைவு. பற்றி முடித்த 20 கிலோகிராமை, கிலோகிராமுக்கு 10 லிட்டர் வீதம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால், ஹைட்ரஜன் அயனிகள் ஈயத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் முழுவதும் இறங்கினால் 200 லிட்டர் அமிலத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் என்ற செறிவில் வந்து நிற்கும். 1,00,000 லிட்டரில் பரவியிருந்தது 200 லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது, அதாவது 500 மடங்கு செறிவு. அந்தச் செறிவில் உலோகத்தை மீட்டெடுப்பது பற்றிப் பேச முடியும். ஈயத்துக்குக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினால் ஈய சல்பேட் பூஞ்சையின் மேலேயே படிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது.

உயிருள்ள பூஞ்சையின் கதை வேறு. அது உலோகத்தைச் செல்லுக்குள் எடுத்து வெற்றிடக்குமிழ்களில் அடைக்கிறது, குளுட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்களால் கட்டுகிறது, ஆக்சலிக் அமிலத்தைச் சுரந்து கரையாத ஆக்சலேட் படிகங்களாக ஆக்குகிறது. செம்பு கலந்த மருந்து ஊட்டிய மரத்தையும் சில பூஞ்சைகள் அரிப்பது இந்த ஆக்சலிக் அமிலத்தின் துணையால்தான். ஆனால் இதே அமிலம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். நீரில் மிகக் குறைவாகவே கரையும் பைரோமார்ஃபைட் என்ற ஈயக் கனிமத்தை அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் கரைத்து ஈய ஆக்சலேட்டாக மாற்றுகிறது என்று ஜெஃப்ரி கேடும் அவருடன் பணியாற்றியோரும் 1999-இல் காட்டினார்கள். ஈயத்தை மண்ணில் நிலையாகப் பூட்டி வைத்துவிட்டதாக எண்ணப்பட்ட வடிவத்தையே பூஞ்சை திறந்துவிட்டது. உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட உலோகப்போலியான ஆர்செனிக் காற்றுக்கே போய்விடும். பச்சை ஆர்செனிக் நிறமி பூசிய சுவர்த்தாள்களில் வளர்ந்த பூஞ்சைகள் பூண்டு மணம் கொண்ட நச்சு வாயுவை வெளியிடுவதை பார்தொலோமியோ கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் 1890களில் கண்டறிந்தார். அது ட்ரைமெத்தில் ஆர்சீன் என்று ஃபிரெடெரிக் சாலஞ்சர் 1930களில் நிறுவினார். கழிவுநீரில் ஆர்செனிக் குறைந்தது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது அது மூச்சுக்காற்றில் கலந்துகொண்டிருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறு இல்லை.

உயிருள்ள பூஞ்சை களத்திலேயே பயன் தரும் ஓர் இடத்தை நான் நிறைவோடு சொல்ல முடியும். நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசியும் நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசை நீக்க, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுண்ணாம்புக்கல் படுகைகள் வழியே அந்த நீரைச் செலுத்துகிறார்கள். கற்களின் மேல் படரும் நுண்ணுயிர்கள், அவற்றுள் பல பூஞ்சைகளும் அடங்கும், மாங்கனீசை ஆக்ஸிஜனேற்றிக் கருமையான ஆக்சைடாகப் படியச் செய்கின்றன. அத்தகைய பூஞ்சை ஒன்று, வித்துகளை உருவாக்கும் கட்டத்தில் வெளிவிடும் சூப்பராக்சைடே அந்த மாற்றத்தைச் செய்கிறது என்று காலீன் ஹான்சலின் குழு 2012-இல் காட்டியது. அப்படிப் படியும் மாங்கனீசு ஆக்சைடு, துத்தநாகம், நிக்கல், கோபால்ட் போன்றவற்றையும் தன்மேல் பற்றிக்கொள்ளும்.

தொழிலகங்களில் இறந்த பூஞ்சை இன்னும் பரவலாக இடம் பிடிக்காததற்கு வேதியியலைவிடப் பொறியியலே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொடியாக இட்டால் நீரிலிருந்து பிரிப்பது கடினம். குழாய்க்குள் நிரப்பினால் நனைந்து உப்பி, அடைத்துக்கொண்டு, நீர் இறங்காமல் நின்றுவிடும். பாலிசல்ஃபோன் என்ற நெகிழியாலோ கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டாலோ ஆன மணிகளுக்குள் அதைப் பதித்து வைத்தால் நீர் தாராளமாக இறங்கும், ஆனால் உலோகம் மணிக்குள் ஊடுருவ நேரம் எடுக்கும், திறனும் ஓரளவு குறையும். பாசிகளையும் பாக்டீரியங்களையும் அடிப்படையாகக் கொண்டு ஆல்காசார்ப், ஏஎம்டி பயோகிளெய்ம் போன்ற பற்றுப்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. அயனிப் பரிமாற்றப் பிசின்களை அவற்றால் இடம்பெயர்க்க முடியவில்லை. பிசின் எந்த மாதம் வாங்கினாலும் ஒரே தரத்தில் கிடைக்கும். நொதித்தல் கழிவு தொகுதிக்குத் தொகுதி மாறும். இந்த மாறுபாட்டைக் கட்டுப்படுத்துவதில் செலவிடப்படும் ஒரு மாத உழைப்பு, இன்னொரு புதிய பூஞ்சையைத் தேடுவதில் செலவிடப்படும் ஓர் ஆண்டு உழைப்பைவிடப் பயனுள்ளது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குரோமியத்தில் ஏமாந்த பின், செம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன். ஆல்ஜினேட் மணிகளில் பதித்த பூஞ்சையைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, உள்ளே போகும் செம்பையும் வெளியே வரும் செம்பையும் எழுதிக்கொண்டே வந்தேன். பூஞ்சை இல்லாத வெறும் ஆல்ஜினேட் மணிகளைப் பக்கத்துக் குழாயில் வைத்து, அதன் பங்கைத் தனியே கழித்தேன், ஏனெனில் ஆல்ஜினேட்டும் செம்பை நன்றாகவே பற்றும். வெளியேறும் நீரில் செம்பு தலைகாட்டத் தொடங்கியதும் நிறுத்தி, மேலிருந்து நீர்த்த அமிலத்தை மெல்ல இறக்கினேன். முதலில் நிறமற்ற நீர் சொட்டியது. பிறகு ஒவ்வொரு துளியும் வெளிர்நீலமாக இறங்கி, குடுவையின் அடியில் சேர்ந்தது. கழுவி முடித்த மணிகளின் ஒரு பகுதியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த செம்பையும் அளந்து, உள்ளே சென்றதற்கு எதிரே குடுவையில் இருந்ததையும் மணியில் தங்கியதையும் நீரோடு போனதையும் வரிசையாக எழுதிக் கூட்டினேன். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒத்துப்போன அந்தப் பக்கத்தில்தான், மறுபடியும் அடிக்கோடு இட்டேன்.